குழந்தைகளின் துணிகளையும் பொருள்களையும் பெற்றோர் மாற்றிக்கொள்ள சமுதாயக் கூடத்தில் இடம் கேட்டு மனு

அனுப்புநர்:
ஒருங்கிணைப்பாளர்,
பெற்றோர் பரிமாற்றக் குழு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: குழந்தைகளுக்குச் சிறிதாகிப்போன உடை, காலணி, பொம்மை முதலியவற்றைப் பெற்றோர் மாற்றிக்கொள்ளும் நாளுக்குக் கூடமும் பூட்டு வசதியுள்ள ஓர் அறையும் கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு பிள்ளைகள் உள்ள பெற்றோர் சிலர் சேர்ந்து, எங்கள் பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன பொருள்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்கிறோம். இதுவரை நான்கு முறை நடத்தியிருக்கிறோம். நான்குமே யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியிலோ வண்டி நிறுத்தும் இடத்திலோ நடந்தவை. கடைசி முறை, கைக்குழந்தையோடு வந்தவர்கள் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. இனி வீடுகளில் நடத்த முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தையும், அதற்கு முந்தைய ஒரு வாரம் பூட்டி வைக்கக்கூடிய ஒரு சிறிய அறையையும் கட்டணமின்றி எங்களுக்குத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பிறக்கும்போது சுமார் 50 செ.மீ. நீளமிருக்கும் குழந்தை, ஒரு வயதில் ஏறக்குறைய 75 செ.மீ. ஆகிவிடுகிறது. எடை ஐந்தாறு மாதத்தில் இரண்டு மடங்கு, ஓராண்டில் மூன்று மடங்கு. முதல் ஆண்டிலேயே நான்கைந்து அளவுத் துணி மாற்ற வேண்டியிருக்கிறது. என் இளைய மகனுக்கு ஆசையாக எடுத்த ஒரு சட்டையை அவன் போட்டதே இரண்டு முறைதான். மூன்றாவது முறை கை நுழையவில்லை. பெரியவர்கள் துணி நைந்து போன பிறகுதான் கழிகிறது. குழந்தைத் துணி புதுக்கருக்கு மாறாமலே அலமாரியில் தூங்குகிறது, பிறகு ஒருநாள் குப்பைக்குப் போகிறது. பெரியவர் போடும் ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு, பருத்தி விளைவதிலிருந்து கணக்கிட்டால், சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. குழந்தைச் சட்டைக்கு அதைவிடக் குறைவுதான். ஆனால் அதை இரண்டு முறை போட்டுத் தூக்கி எறிகிறோம் என்பதுதான் மனதை உறுத்துகிறது.

“பழைய துணியை ஏதாவது இல்லத்துக்குக் கொடுத்துவிடலாமே, இதற்கு எதற்குக் கூடம்?” என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் கேட்கலாம். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். முதல் முறை ‘இலவசம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்’ என்று எழுதி வைத்தோம். வந்தவர்கள் மிகக் குறைவு. ஒரு பெண் வாசல் வரை வந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பிறகு ஒருநாள் பேசும்போது சொன்னார்: “கொடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. சும்மா அள்ளிட்டுப் போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க?” அந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் முறையையே மாற்றினோம்.

இப்போது எல்லாமே டோக்கனில் நடக்கிறது. ஒரு துணி கொண்டுவந்தால் ஒரு டோக்கன், ஒரு ஜோடி காலணிக்கு இரண்டு, தள்ளுவண்டி போன்ற பெரிய பொருளுக்கு ஐந்து. எடுக்கும்போதும் அதே கணக்கு. கூடவே, உள்ளே வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், பை நிறையக் கொண்டுவந்தாலும் வெறுங்கையோடு வந்தாலும், ஐந்து டோக்கன் வாசலிலேயே கொடுத்துவிடுகிறோம். முதல் குழந்தையை எதிர்பார்த்திருக்கும் பெண்ணிடம் கொடுக்க என்ன இருக்கும்? துணி அடுக்க உதவுபவர்களுக்கும் டோக்கன் உண்டு. யார் கையில் இருப்பது எந்த டோக்கன் என்று யாருக்கும் தெரியாது. திரும்பிப் போன அந்தப் பெண் இரண்டாம் முறை வந்தார், மூன்றாம் முறை காலணி மேசையைக் கவனித்துக்கொண்டதே அவர்தான்.

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941 ஜூன் 1 அன்று பிரிட்டனில் துணிக்கு ரேஷன் வந்தது. அது 1949 வரை நீடித்தது. வளரும் பிள்ளைகளுக்குக் கூப்பன் போதாமல் தாய்மார்கள் திண்டாடியபோது, அங்கிருந்த பெண்கள் தன்னார்வ சேவை அமைப்பு குழந்தைத் துணிப் பரிமாற்ற நிலையங்களை நடத்தியது. சிறிதாகிப்போன உடையைக் கொடுத்துப் புள்ளி வாங்கி, அந்தப் புள்ளிக்கு அடுத்த அளவு உடையை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் டோக்கனும் அதே வழிதான்.

அடுத்து, பாதுகாப்பு. பொது இடத்தைத் தரும் அதிகாரிக்கு முதலில் வரும் கவலை இதுவாகத்தான் இருக்கும், அது நியாயமும்கூட. பேன், சொறிசிரங்கு பரவிவிடுமோ என்று பெற்றோரும் கேட்கிறார்கள். பேன் தலையை விட்டு விலகினால் ஓரிரு நாளில் செத்துவிடும். சொறிசிரங்கை உண்டாக்கும் பூச்சியும் மனித உடலை விட்டுப் பிரிந்தால் பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அதனால்தான் துவைத்துக் காயவைத்த துணிகளை ஒரு வாரம் முன்பே வாங்கி, பைகளில் இறுகக் கட்டி வைத்துவிட விரும்புகிறோம். பூட்டும் அறை கேட்பதற்கு முதல் காரணம் இதுதான். இப்போது அந்தப் பைகள் என் படுக்கையறையில் கட்டில் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கின்றன.

சில பொருள்களை எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் வாங்குவதில்லை. காரில் பொருத்தும் குழந்தை இருக்கை விபத்தில் அடிபட்டதா என்பது பார்த்தால் தெரியாது. சக்கரம் வைத்த வாக்கரை, படிக்கட்டில் உருண்டு விழும் விபத்துகள் காரணமாகக் கனடா 2004-இல் தடைசெய்தது. பழையதைக் கைமாற்றி விற்பதும் அந்தத் தடையில் அடங்கும். பக்கத் தடுப்பு மேலும் கீழும் நகரும் தொட்டில்களுக்கு அமெரிக்காவில் 2011-இல் தடை வந்தது. தடுப்பு கழன்று உண்டாகும் இடைவெளியில் குழந்தைகள் சிக்கி இறந்ததே காரணம். தொப்பியிலும் கழுத்திலும் இழுகயிறு உள்ள சட்டைகள், திருகாணி போட்டு மூடாத பட்டன் பேட்டரி பொம்மைகள் ஆகியவற்றையும் திருப்பி அனுப்பிவிடுகிறோம். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அதை அரித்துப் புண்ணாக்கிவிடலாம்.

மூன்றாம் முறை ஒருவர் அப்படிப் பக்கத் தடுப்பு இறங்கும் தொட்டில் ஒன்றைத் தானே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். பளபளவென்று இருந்தது. தன் பிள்ளைகள் இருவரும் அதில் படுத்து வளர்ந்ததாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கே வாய் வரவில்லை. காரணத்தை விளக்கியபோது முதலில் கோபப்பட்டார், அப்புறம் தானே திருகுகளைக் கழற்றி, வேறு யாரும் எடுத்துப் பொருத்த முடியாதபடி பலகை பலகையாகப் பிரித்துக் கொண்டுபோனார். இந்த மாதிரி நேரத்தில் முடிவு சொல்ல, முதல் இரண்டு பரிமாற்ற நாள்களிலாவது நகராட்சி சுகாதாரப் பிரிவிலிருந்து ஒரு பணியாளர் எங்களோடு இருந்தால் பெரிய உதவியாக இருக்கும். ஒரு தாய் சொல்வதைவிட அலுவலர் சொன்னால் மக்கள் சட்டென்று ஏற்றுக்கொள்கிறார்கள்.

கூடத்தை ஞாயிறு காலை தருவதோடு, முதல் நாள் சனிக்கிழமை மாலையிலும் திறந்துவிட வேண்டும். துணி அடுக்குவதில்தான் பாதி வேலை. ஒரு நிறுவனத்தின் ‘2 வயது’ சட்டை இன்னொன்றில் ‘3 வயது’ ஆக இருக்கிறது, சில துணிகளில் சீட்டே இருப்பதில்லை. எனவே டேப் வைத்து நீளம் அளந்து, செ.மீ. கணக்கில் மேசை பிரிக்கிறோம். இதை விடிந்த பிறகு தொடங்கினால் கூட்டம் வந்த பின்னும் முடிவதில்லை. மேசைகளும் மின்விசிறியும் கூடத்தில் இருப்பவையே போதும். பாலூட்டும் தாய்மார்களுக்காக ஒரு மூலையைத் திரை போட்டு மறைக்க அனுமதி வேண்டும்.

மிஞ்சும் நல்ல துணிகள் அடுத்த முறைக்குப் போகும். கிழிந்தவற்றைத் தனிப் பையில் கட்டி வைக்கிறோம். அவற்றை ஈரக் குப்பையோடு சேர்க்காமல் தனியாக எடுத்துச் செல்லும்படி துப்புரவுப் பிரிவுக்குச் சொல்ல வேண்டுகிறோம்.

எங்கள் பங்குக்கு: அங்கே விற்பனை இருக்காது, பணம் கைமாறாது, எந்தக் கடையின் விளம்பரமும் எந்தக் கட்சியின் கொடியும் வராது. கூடத்தைப் பெருக்கித் துடைத்து அன்று மாலையே சாவியை ஒப்படைப்போம். ஏதாவது உடைந்தால் குழுவே சரிசெய்து தரும்.

கூடத்தில் முதல் பரிமாற்ற நாளை அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பு நடத்த விரும்புகிறோம். சீருடை, பள்ளிப்பை, காலணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் செலவு வந்து நிற்கும் சமயம் அது. அறிவிப்பு ஒட்டவும் துணிகளைச் சேகரிக்கவும் எங்களுக்கு ஒரு மாதமாவது வேண்டும் என்பதால், தேதியை அதற்கு முன்பே தெரிவித்தால் நன்றாக இருக்கும். குழு உறுப்பினர்கள் கையொப்பமிட்ட தாளும், நாங்கள் வாங்காத பொருள்களின் முழுப் பட்டியலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. நேரில் விளக்க அழைத்தால், டோக்கன்களையும் அளவு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒருங்கிணைப்பாளர்,
பெற்றோர் பரிமாற்றக் குழு.