ஜாம்பி படத்தைக் காசில்லாதவர்களிடமே விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வந்த சினிமா விமர்சனத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷன் மொட்டை மாடியில் கஞ்சா அடித்துவிட்டுக் கிடக்கும் நாலு பசங்க, கீழே ஊரே ஜாம்பியாக மாறிப்போனதைக் கவனிக்காமல் விட்டுவிடும் அந்தச் சின்னப் படம். உங்கள் விமர்சகர் அதற்கு நாலு பத்தி கொடுத்திருக்கிறார். அதில் மூன்று பத்தி படத்தில் காசு இல்லை என்பதைப் பற்றியே. மேக்கப் மலிவாக இருக்கிறது, தெருவில் கூட்டம் இல்லை, ஒரே கட்டடத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. நாலாவது பத்தியில் கஞ்சாவைக் காமெடி ஆக்கி இளைஞர்களைக் கெடுக்கிறார்கள் என்று சொல்லி முடித்துவிட்டார். படம் சிரிக்க வைத்ததா இல்லையா? ஒரு வரி கிடையாது. காமெடிப் படத்தின் விமர்சனத்தில் அதுவே இல்லை என்பது எனக்குக் கோபமாக இருக்கிறது.

நான் சாலிகிராமத்தில் இருக்கிறேன், சினிமாவில் மேக்கப் உதவியாளர் வேலை. இந்தப் படத்தில் நான் வேலை செய்யவில்லை, படம் எடுத்தவர்களில் யாரையும் தெரியாது, டிக்கெட் எடுத்துத்தான் பார்த்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜாம்பி படம் என்பதே கையில் காசில்லாதவர்கள் உண்டாக்கிய வகை. 1968ல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்திலிருந்துதான் இன்று நாம் பார்க்கிற ஜாம்பி வருகிறது, அதாவது கூட்டமாக, மெதுவாக, மனுஷனைத் தின்ன வருகிற பிணம். அவர் ஹாலிவுட்காரர் இல்லை. பிட்ஸ்பர்க்கில் நண்பர்களோடு சேர்ந்து விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். செலவு சுமார் 1,14,000 டாலர், அந்தக் காலத்துக்கும் அது அமெரிக்க சினிமாவில் ரொம்பச் சின்னத் தொகைதான். ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீடு, கறுப்பு வெள்ளை பிலிம், ரத்தத்துக்கு சாக்லேட் சிரப். பணம் போட்டவர்களும் தெரிந்தவர்களும் ஊர்க்காரர்களுமே பிணமாக நடந்து வந்தார்கள். பெரிய ஸ்டார் யாரும் இல்லாததால்தான், மேடை நடிகரான டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவரை 1968லேயே கதாநாயகனாக வைத்து, மற்றவர்களுக்கு அவரே முன்னால் நின்று வழி சொல்கிற மாதிரி எடுக்க முடிந்தது. ஒரு பெரிய கம்பெனி அன்றைக்கு அதற்கு ஒப்புக்கொண்டிருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்புறம் அந்தப் படத்துக்கு இன்னொன்றும் நடந்தது. வெளியிடும்போது தலைப்பை மாற்றினார்கள், பழைய தலைப்பு அட்டையோடு சேர்த்து காப்புரிமை அறிவிப்பும் போய்விட்டது, அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதனாலேயே படம் பொதுச் சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்கு அது பெரிய நஷ்டம். ஆனால் அமெரிக்காவில் இருக்கிற எவனும் அந்தப் படத்தைப் போட்டுப் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம், யாரிடமும் உரிமை கேட்காமல் அதே மாதிரி பிணங்களை வைத்துத் தானும் ஒரு படம் எடுக்கலாம் என்ற நிலை வந்தது. ஒரே வீடு, தெரியாத முகங்கள், கையால் செய்த மேக்கப், இவை மூன்றும் இந்த வகை பிறக்கும்போதே கூட வந்தவை. அவற்றையே குறை என்று உங்கள் விமர்சகர் பட்டியல் போட்டிருக்கிறார்.

மேக்கப் மலிவு என்று எழுதியதைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அது என் வேலை. ஜாம்பி கூட்டம் வேண்டும் என்றால் எல்லாருக்கும் ஒரே அளவு மேக்கப் போட மாட்டோம். கேமராவுக்குப் பக்கத்தில் வருகிறவர்களுக்கு காய்ந்தால் தோல் மாதிரி ஆகிற ரப்பர் திரவமான லிக்விட் லேடெக்ஸைத் தடவி, அதன்மேல் டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஒட்டி, காய வைத்து, மறுபடி தடவி, அப்புறம் கத்தரியால் கிழித்துக் காயம் உண்டாக்குவோம். கண்ணுக்கு லென்ஸ் போடுவது அவர்களில் ஒரு சிலருக்குத்தான். நடுவில் நிற்பவர்களுக்குக் காயம் ஒன்றோ இரண்டோ. பின்னால் இருப்பவர்களுக்குச் சாம்பல் நிற பேஸ், கண்ணைச் சுற்றிக் கறுப்பு, அவ்வளவுதான். ரத்தத்துக்கு பேக்கரிக்காரர்கள் வாங்கும் லிக்விட் குளுக்கோஸில் சிவப்புக் கலரும் கொஞ்சம் கோகோ பவுடரும் கலப்பார்கள், கோகோ சேர்க்காவிட்டால் ரஸ்னா மாதிரி தெரியும். சர்க்கரை என்பதால் எறும்பும் ஈயும் மொய்க்கும், துணை நடிகர்கள் பாவம் அதோடுதான் தரையில் பிணமாகப் படுத்துக் கிடப்பார்கள். இதெல்லாம் எந்த ஊரிலும் உள்ளதுதான். சென்னையில் கூடுதலாக ஒரு கஷ்டம் உண்டு. வெயில்கூடப் பரவாயில்லை, இந்தப் புழுக்கத்தில் லேடெக்ஸுக்கு அடியில் வேர்வை கோர்த்துக்கொள்ளும், கன்னத்து ஓரத்தில் தூக்க ஆரம்பிக்கும், அதை ஒட்டுகிற பசையான ஸ்பிரிட் கம் விட்டுவிடும். அதனால் ராத்திரி எடுக்கலாம் என்றால் லைட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் வாடகை, ஆட்களுக்கு இரட்டை பேட்டா. பகலில் எடுத்தால் மேக்கப் போகும், ராத்திரி எடுத்தால் காசு போகும். இந்தப் படம் பெரும்பாலும் விடியற்காலை வெளிச்சத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது, கவனித்தீர்களா? புழுக்கம் ஏறும் முன்னால் கிடைக்கிற கொஞ்ச நேரம் அது. பழுப்பும் நீலமுமான அந்த வெளிச்சத்தில் சாம்பல் பூசிய முகங்கள் நன்றாகவே இருந்தன. காசில்லாத இடத்தில் யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் நடந்த விதம். ஜாம்பி நடிப்பு முழுக்க உடம்பு நடிப்பு, வசனமே கிடையாது. முழங்காலில் ஒன்றை மட்டும் பூட்டிக்கொண்டு, தோளை விட்டுவிட்டு, தலை முதலில் திரும்பி உடம்பு அப்புறம் திரும்புவது என்று ஒரு ஆள் அதை நாள் முழுக்கச் செய்வது சாதாரணம் இல்லை. நா. முத்துசாமி 1977ல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழு இருந்த ஊர் இது, நடிகர் பசுபதி மாதிரி உடம்பாலேயே நடிக்கத் தெரிந்தவர்கள் அங்கிருந்து வந்தார்கள். அப்படி உடம்பைப் பழக்கி வைத்திருக்கிற, ஆனால் வாய்ப்புக் கிடைக்காத நாடகப் பிள்ளைகள் சென்னையில் இன்றைக்கும் நிறைய இருக்கிறார்கள். ஸ்டார் வைத்த படத்தில் அவர்களுக்கு ஓரத்தில்கூட இடம் இல்லை. இந்தப் படத்தில் டீக்கடை மாஸ்டராக வந்து ஜாம்பி ஆனவர், செத்த பிறகும் கை மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே இருக்கும்படி செய்தாரே, தியேட்டரில் மொத்தக் கூட்டமும் கைதட்டியது. அவர் பெயரையாவது விமர்சனத்தில் போட்டிருக்கலாம்.

தமிழில் 2016ல் ஜெயம் ரவியை வைத்து 'மிருதன்' வந்தது, 2019ல் யோகி பாபு நடித்து 'ஜாம்பி' என்றே ஒரு காமெடி வந்தது. தெரிந்த முகங்கள் இருந்தால்தான் வியாபாரம் நடக்கும் என்ற கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். ஷினிச்சிரோ உவேதா என்பவர் நடிப்புப் பயிற்சிப் பட்டறையில் இருந்த முகம் தெரியாத ஆட்களை வைத்து 'ஒன் கட் ஆஃப் த டெட்' என்று ஒரு ஜாம்பி காமெடி எடுத்தார். செலவு சுமார் 30 லட்சம் யென், நம் பணத்தில் 20 லட்ச ரூபாய்க்கும் குறைவு. முதல் 37 நிமிடம் ஒரே ஷாட், அதில் ஏகப்பட்ட தப்பு இருக்கிற மாதிரியே தெரியும், மீதிப் படம் அந்தத் தப்புகள் ஏன் நடந்தன என்று காட்டும். 2018ல் டோக்கியோவில் இரண்டு சின்னத் தியேட்டரில் தொடங்கி, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி நாடு முழுக்கப் போய், 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. காசில்லாததை மறைக்காமல் அதையே அவர் கதை ஆக்கினார்.

சரி, கஞ்சா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் விமர்சகரின் கவலையை நான் ஒதுக்கவில்லை. எங்கள் பகுதியிலேயே பள்ளிக்கூடப் பையன்கள் கையில் பொட்டலம் பிடிபடுகிறது, அப்பா அம்மா காவல் நிலைய வாசலில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் ஒரு கிலோ வரை சிறிய அளவு என்றுதான் கணக்கு, அதற்கே ஒரு வருடம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஒரு பையனின் படிப்பும் வேலையும் அதிலேயே முடிந்துபோகலாம். இது விளையாட்டு இல்லை.

ஆனால் திரையில் கஞ்சா வந்தாலே தப்பு என்றால், டாஸ்மாக் காட்சி? எத்தனை வருடமாக குடியைக் காமெடியாக வைத்துக் குடும்பத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். கீழே ஓரத்தில் ஒரு வரி எச்சரிக்கை ஓடும், மேலே ஹீரோ பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆடுவார், அந்தப் பாட்டு கல்யாண மண்டபத்தில் ஒலிக்கும். அந்தப் படங்களுக்கெல்லாம் உங்கள் பக்கத்திலேயே 'குடும்பத்துடன் பார்க்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். போதைப் பழக்கத்தைத் தூண்டுகிற, நியாயப்படுத்துகிற, கவர்ச்சியாகக் காட்டுகிற காட்சி கூடாது என்று தணிக்கை வழிகாட்டு நெறியில் தெளிவாகவே இருக்கிறது. அதனால் ஒரு படத்தில் போதை வருகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது, அதை எப்படிக் காட்டினார்கள் என்று பார்க்க வேண்டும்.

இந்தப் படம் எப்படிக் காட்டியது? நாலு பேரில் ஒருவன்கூட ஹீரோ மாதிரி புகைவிட்டு ஸ்லோமோஷனில் நடக்கவில்லை. ஊர் செத்துப்போய்விட்டது, காலையிலிருந்து ஒரு ஆட்டோ ஹாரன்கூடக் கேட்கவில்லை, அது அவர்களுக்கு உறைக்க பாதி நாள் ஆகிறது. வீட்டிலிருந்து அம்மா போன் பண்ணுகிறார், அவன் எடுக்காமல் ஸ்க்ரீனையே பார்த்துச் சிரிக்கிறான், பிறகு புரிந்து திருப்பிக் கூப்பிடும்போது அந்தப் பக்கம் எடுக்க ஆள் இல்லை. சிரித்துக்கொண்டிருந்த தியேட்டர் அங்கே அப்படியே அடங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பையன்கள் உட்பட. மெதுவாக வருகிற பிணமும், மெதுவாகப் புரிந்துகொள்கிற போதைக்காரனும், இரண்டு பேருக்கும் ஒரே வேகம், யார் செத்தவன் என்று தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை, அதுதான் படத்தின் காமெடியே. இதைப் பார்த்துவிட்டு யாருக்கும் கஞ்சா அடிக்க ஆசை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2013லேயே ஹிந்தியில் 'கோ கோவா கான்' படம், பார்ட்டியில் விற்கிற போதை மருந்தே ஆட்களை ஜாம்பி ஆக்குவதாகக் கதை சொன்னது. போதையையும் ஜாம்பியையும் சேர்ப்பதில் புதிதாக யாரையும் கெடுக்கிற சதி எதுவும் இல்லை.

படத்தில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டாம் பாதியில் தண்ணீர் டேங்க் மேல் ஏறிய பிறகு கதை அங்கேயே நின்றுவிடுகிறது. ஒரே ஒரு பெண் கதாபாத்திரம், அவளுக்கு அலறுவதைத் தவிர வேலை கொடுக்கவில்லை, அது எரிச்சலாக இருந்தது. முக்கியமாக சவுண்ட். டப்பிங்கில் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம், கும்பலாக வரும் ஜாம்பிகளின் உறுமல் ஒரே டிராக்கைத் திரும்பத் திரும்பப் போட்டது என்று தெளிவாகவே தெரிகிறது. மேக்கப்பில் குறைத்தால் இருட்டில் மறைத்துவிடலாம், சவுண்டில் குறைத்தால் மறைக்க இடமே இல்லை, பயமும் போகும், சிரிப்பும் போகும். உங்கள் விமர்சகர் இதைத் திட்டியிருந்தால் நானும் சேர்ந்து திட்டியிருப்பேன். அந்தப் பசங்களுக்கு அடுத்த படத்துக்கு உதவியாகவும் இருந்திருக்கும்.

ஏற்கனவே இந்த மாதிரிப் படங்கள் தியேட்டருக்கு வருவதே பெரும்பாடு. டிஜிட்டல் புரொஜெக்ஷனுக்குத் தயாரிப்பாளர்கள் கட்டும் கட்டணத்தை எதிர்த்து 2018 மார்ச் 1ஆம் தேதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை புதுத் தமிழ்ப் படமே வெளியிடாமல் நிறுத்தி வைத்தார்களே, ஞாபகம் இருக்கும். அது மாதிரிக் கட்டணங்களைப் பெரிய படம் தாங்கும், சின்னப் படத்துக்குப் பல நேரம் வசூலே அந்த அளவுக்குத்தான் வரும். அதைக் கட்டித் தியேட்டருக்கு வந்தால் கிடைப்பது மத்தியான ஷோ, வேலைக்குப் போகிறவன் யாரும் பார்க்க முடியாத நேரம். திங்கட்கிழமை ஆள் வரவில்லை என்று எடுத்துவிடுவார்கள். நான் பார்த்தபோது பாதி அரங்கு நிறைந்திருந்தது, வார நாள் மத்தியானத்தில் அது நல்ல கூட்டம். உங்கள் விமர்சனம் வந்த ஞாயிற்றுக்கிழமையோ படம் ஊரில் ஒரே ஒரு தியேட்டரில்தான் மிச்சம் இருந்தது.

எனவே நான் கேட்பது இதுதான். சின்னப் படங்களை வெள்ளிக்கிழமையே பார்த்து சனிக்கிழமை இதழில் எழுதச் சொல்லுங்கள், பத்து வரி போதும். காமெடிப் படம் என்றால் சிரிப்பு வந்ததா என்று எழுதட்டும், பேய்ப் படம் என்றால் பயம் வந்ததா என்று எழுதட்டும். மேக்கப், கேமரா, சவுண்ட் செய்தவர்கள் பெயரைப் போடுங்கள், அந்த டீ மாஸ்டர் மாதிரி நடித்தவர்கள் பெயரையும். விமர்சனத்துக்குக் கீழே சென்னையில் எந்தத் தியேட்டரில் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று ஒரு வரி சேர்த்தால், படிக்கிறவர்கள் அன்றைக்கே கிளம்பிப் போய்ப் பார்க்க முடியும்.

இப்படிக்கு,
மேக்கப் துறையில் இருக்கும் ஒரு வாசகன்,
சாலிகிராமம், சென்னை-93