அம்மாவுக்கு, சார்லாவிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் பாரிசில் சின்ன மாமா வீட்டுக்குப் போய், அங்கிருந்து மாமி அனுப்பிய கறித்தூள் பார்சலுக்குள் இருந்து நேற்று என் கைக்கு வந்தது. தாள் முழுக்கத் தூள் வாசம். போனில் கதைக்கும்போது பக்கத்தில் எல்லோரும் நிற்பதால் கேட்காமல் விட்டதை எல்லாம் அதில் கேட்டிருக்கிறீர்கள். எங்கே படுக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய், குளிருக்கு என்ன செய்கிறாய் என்று. அதை முதலில் எழுதுகிறேன். காணி விசயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இது பிரான்சின் தென்மேற்கு, தொர்தோஞ் ஆற்றுப் பக்கம். கிட்டிய பட்டினம் சார்லா. நான் வேலை செய்யும் ஹொட்டேல் முந்தி ஒரு விவசாயி வீடு. தேன் நிறக் கல்லில் கட்டியது, சுவர்கள் நல்ல தடிப்பு. கோப்பை கழுவும் வேலை என்று மாமி சொல்லியிருப்பா. இப்போது காய்கறி வெட்டுவதும் சூப் வைப்பதும் என் பொறுப்பு. எனக்குக் கூரைக்குக் கீழே ஓர் அறை தந்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் வால்நட் தோப்பு, அதற்குப் பின்னால் ஆறு. விருந்தாளிகள் காசு கொடுத்துப் பார்க்க வருவது எனக்குக் கட்டிலில் இருந்தபடியே தெரிகிறது. காலையில் பத்து மணி வரைக்கும் பள்ளத்தாக்கு முழுவதும் பனிப்புகார் மூடியிருக்கும். குளிருக்கு முதலாளியம்மா தன் மகனுடைய கம்பளிச் சட்டைகளைத் தந்திருக்கிறா. ஆகவே உடுப்புக்கு என்று எனக்குச் செலவே இல்லை.

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தத் தோப்பு அவருடையது. எண்பது வயது தாண்டிவிட்டது, தனியாகத்தான் இருக்கிறார். நாயோடு மட்டும் ஒக்சித்தான் பாஷையில் கதைப்பார், எங்களோடு பிரெஞ்சு. இந்தப் பக்கத்துப் பழைய பாஷை அதுதான். இளம் ஆட்களுக்கு இப்போது அது வராது. சாயந்தரம் எங்கள் குசினிக்குப் பின்கதவால் வந்து உட்காருவார். இங்கே துரேன் என்று ஓர் உள்ளி சூப் வைப்போம். உள்ளியை வாத்துக் கொழுப்பில் வதக்கி, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, முட்டையும் கொஞ்சம் வினாகிரியும் சேர்த்து, காய்ந்த பாணுக்கு மேல் ஊற்றுவது. கிழவர் கோப்பையில் கடைசி இரண்டு வாயை மிச்சம் வைப்பார். அதற்குள் சிவப்பு வைனை ஊற்றி, கோப்பையை இரண்டு கையாலும் தூக்கி ஒரே மூச்சில் குடிப்பார். இந்த நாட்டுப்புறத்து விவசாயிகளின் பழைய வழக்கமாம். எனக்கு வைன் வேண்டாம் என்று அவருக்குத் தெரியும். அதனால் என் கோப்பைக்குள் தானே மிளகு தூவி விடுவார்.

இது வால்நட் விழுகிற காலம். குனிந்து நிலத்தில் பொறுக்க வேண்டும், அவருக்கு முதுகு ஏலாது. ஓய்வு நேரத்தில் நான் போய்ப் பொறுக்கிக் கொடுக்கிறேன். பச்சைத் தோலின் சாறு பட்டுக் கை கறுத்துப் போகும், எந்த சோப்புக்கும் அது போவதில்லை. கழுவிக் காயப்போட்டு, உடைத்த பருப்பை எண்ணெய் ஆலைக்குக் கொண்டு போவார்கள். நம் செக்கு மாதிரியே பெரிய கல் உருண்டு பருப்பை நசிக்கிறது. பிறகு அந்த மாவை இரும்புச் சட்டியில் சூடாக்கிப் பிழிகிறார்கள். அந்த வாசனையில் நின்றபோது உங்கள் தலை எண்ணெய் நாள் ஞாபகம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை எனக்கு லீவு. விருந்தாளிகள், அதிகமும் ஆங்கிலேயரும் ஒல்லாந்துக்காரரும், எங்கே போகலாம் என்று கேட்பார்கள். அதனால் முதலாளியம்மா ஒரு சைக்கிளைத் தந்து, நீயே போய்ப் பார்த்து வா என்றா. சார்லாவிலிருந்து போன பழைய ரயில் பாதையில் ஒரு பகுதி இப்போது சைக்கிள் பாதை. ஆற்றின் ஒரு கரையில் பெய்னாக் கோட்டை, எதிர்க்கரையில் கஸ்தெல்னோ கோட்டை. நூறாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சுக்காரர் பக்கம், மற்றது பெரும்பாலும் ஆங்கிலேயர் கையில். நடுவில் ஆறு எந்தப் பக்கமும் சாராமல் ஓடியிருக்கிறது. இரண்டுக்கும் கீழே நின்று பார்த்தேன். இந்தக் கரைகளில் இருந்த சனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மொன்தின்யாக்குக்கு முதலாளியம்மாவே காரில் கூட்டிக்கொண்டு போனா. அங்கேதான் லாஸ்கோ குகை. 1940 செப்டம்பரில் நாலு பெடியன்கள் கண்டுபிடித்தது. உள்ளே பதினேழாயிரம் வருசத்துக்கும் மேல் பழைய ஓவியங்கள். பார்க்க வந்த சனத்தின் மூச்சுக் காற்றால் சுவர் பழுதாகத் தொடங்கியதும் 1963-இல் மூடிவிட்டார்கள். இப்போது எல்லோரும் பார்ப்பது 2016-இல் திறந்த பிரதியைத்தான். அதில் ஒரு மாடு ஐந்து மீட்டருக்கும் நீளம். பிரதி என்று தெரிந்தும் கழுத்தை இறக்க மனம் வரவில்லை, அம்மா. தம்பி பார்த்தால் அந்த இடத்திலேயே தாளை எடுத்து வரையத் தொடங்கியிருப்பான்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது லா ரொக் கஜாக். செங்குத்து மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரே வரிசை வீடுகள். 1957-இல் மலை இடிந்து விழுந்து மூன்று பேர் செத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் சனம் ஊரை விடவில்லை. மலை வடகாற்றை மறைத்து வெயிலைப் பிடித்து வைப்பதால் அங்கே வாழை வளர்கிறது! படிகளில் ஏறிப் போனால் பனை இனத்து மரங்களும் நிற்கின்றன. வாழை இலையைத் தொட்டுப் பார்த்தேன். காற்றில் அது அடித்துக்கொண்ட சத்தம் கிணற்றடிச் சத்தம். அப்புறம் அந்தப் படியிலேயே நெடுநேரம் இருந்துவிட்டேன். உங்கள் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது, அங்கே போன் எடுபடவில்லை. சரி, அதை விடுங்கள்.

நவம்பர் நடுவில் ஹொட்டேலை மூடினால் ஈஸ்டருக்குத்தான் திறப்பார்கள். அதை நினைத்து நீங்கள் யோசிக்க வேண்டாம், மாமாவோடு இருந்து பாரிசில் ஏதாவது பார்ப்பேன். சின்னக்காவின் சீட்டுக் காசு மட்டும் இந்த முறை கொஞ்சம் பிந்தும் என்று அவவிடம் சொல்லுங்கள். உங்கள் கண் ஒப்பரேஷனுக்குச் சேர்த்தது தனியாக இருக்கிறது, அதில் கை வைக்க மாட்டேன்.

இனிக் காணி. வடலிக் காணியை விற்று, தம்பியை ஏஜென்சிக்காரன் மூலம் அனுப்பலாம் என்று அத்தான் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், அம்மா. நான் வந்த வழியால் அவன் வரக்கூடாது. அந்த வழியை உங்களிடம் நான் முழுக்கச் சொன்னதும் இல்லை, இப்போதும் சொல்லப் போவதில்லை. அவன் படிப்பை முடிக்கட்டும். கிழவரின் பிள்ளைகளும் தோப்பை விற்கச் சொல்லித்தான் கேட்கிறார்கள். அது என் தகப்பன் நட்டது, நான் இருக்கும்வரை அதைக் கேட்காதே என்று போனில் சத்தம் போட்டார். எனக்கு அப்பாவைக் கேட்டது மாதிரி இருந்தது.

எப்படியும் அந்தக் காணியில் பெரியப்பாவின் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. எங்கள் யாழ்ப்பாணத்துச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்காமல் வெளி ஆளுக்கு விற்க ஏலாது என்பதை அத்தானுக்கு ஞாபகப்படுத்துங்கள். காணி உறுதிப் பத்திரம் இப்போது யார் கையில் இருக்கிறது? நொத்தாரிசிடம் இருந்தால் பெரியக்கா போய் வாங்கி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டட்டும். ஒரு போட்டோ கொப்பி மாமாவின் விலாசத்துக்கு அனுப்புங்கள். மழைக்கு முதல் வடக்குப் பக்க வேலியை அடைக்க ஆள் பிடியுங்கள், அந்தக் கூலியை மாமா மூலம் அனுப்புகிறேன். அத்தானிடம் இந்தப் பக்கத்தை மட்டும் காட்டுங்கள். கோபிப்பார், பரவாயில்லை, நான் ஞாயிற்றுக்கிழமை அவரோடு கதைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்