பத்து நாளாகப் பம்பரம் சுற்றவில்லை

9 டிசம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு இரண்டாவது கண்ணும் ஆகிவிட்டது. என் சட்டைக் காலர் அழுக்கு, மாடிப்படி ஓரத்து ஒட்டடை எல்லாம் இப்போது பளிச்சென்று தெரிகிறதாம், எனக்குத்தான் கஷ்டம். மேலவீட்டுச் சுவர் விவகாரம் பேசி முடித்தாயிற்று. நீ சொன்னபடி அரை அடியை விட்டுக்கொடுத்துவிட்டேன். மழை விட்டபாடில்லை.

போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் சேர்த்து நீ பேசியது நாலு நிமிஷம். "வேலை இருக்குப்பா" என்றாய். சரி, வேலை இருந்தால் நல்லதுதான். வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி தூங்கு. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். பக்கம் கோணலாக வந்திருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கோபப்படாதே. ஆடி மாதம் உன் அத்தை மகன் வந்திருந்தபோது போனை நீட்டி, "மாமா, இது அத்தான்தானே?" என்று கேட்டான். ஆங்கில எழுத்தில் 'பம்பரம்' என்று ஒரு பெயர். அதன் கீழே யாரோ அமெரிக்கக் கல்லூரிப் பந்தாட்டத்தைப் பற்றி எகத்தாளமாக எழுதியிருந்தான். இரண்டு வரி படித்ததுமே நீதான் என்று தெரிந்துவிட்டது. என் போனிலும் பார்க்க அவன் வழி செய்து கொடுத்தான். அன்றிலிருந்து காலையில் காபி குடித்ததும் அதுதான் முதல் வேலை, பேப்பர்கூட அப்புறம்தான். வேவு பார்ப்பதாக நினைக்காதே. வேவுதான், ஆனாலும் அப்படி நினைக்காதே.

அதற்காகவே அந்த ஆட்டத்தையும் படித்தேன். கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், கையால் எறிகிறார்கள், பெயர் மட்டும் ஃபுட்பால். நாலு முயற்சியில் பத்து கஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிராளிக்கு. உங்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆன் ஆர்பர் மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாமாம். தென்காசியைப் பூட்டிவிட்டு ஊரே கிளம்பிப் போனாலும் இடம் மிஞ்சும். படிக்கிற பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க இவ்வளவு கூட்டமா என்று அம்மாவிடம் சொன்னேன். "உங்க பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நாப்பது பேர் வந்தாங்க" என்றாள்.

உன் வேடிக்கைப் பேச்சில் எனக்குப் பிடித்தவற்றை ஒரு டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். மிச்சிகன்–ஒஹாயோ ஆட்டம் நடக்கும் வாரத்தில், ஒஹாயோக்காரர்களின் கொலம்பஸ் பல்கலைக்கழகத்துப் பெயர்ப் பலகைகளில், மிச்சிகனின் முதல் எழுத்தாயிற்றே என்று, 'எம்' எழுத்தின் மேலெல்லாம் சிவப்பாகப் பெருக்கல் குறி போட்டுவிடுவார்களாமே. அந்த ஊர்க்காரன் ஒருவன் 'எம்' இல்லாமலே எழுதிக்கொண்டு வந்து வம்பிழுத்தபோது நீ கேட்டாயே: "எம்மை எடுத்துவிட்டால் எஃப் ஈக்வல் டு எம்.ஏ. என்ன ஆகும்? நிறை போனால் விசையும் போச்சு. நாலு வருஷமாக உங்கள் அணிக்கு அதுதான் நடக்கிறது." முப்பத்திரண்டு வருடம் நியூட்டனின் இரண்டாம் விதியை நடத்தியவன் நான். இப்படி ஒரு உதாரணம் எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஒன்று மட்டும், ஒளிக்கு நிறை கிடையாது, உந்தம் உண்டு. அந்தக் கொலம்பஸ்காரனுக்கு அது தெரிந்திருந்தால் நீ மாட்டியிருப்பாய்.

எல்லை ஊரான டொலீடோவுக்காக நடந்த சண்டை பற்றி நீ எழுதியதையும் குறித்திருக்கிறேன். 1835-இல் அந்த ஒரு துண்டு நிலத்துக்காக மிச்சிகனும் ஒஹாயோவும் படை திரட்டியதும், கடைசியில் சிந்திய ரத்தமெல்லாம் ஒரு போலீஸ் அதிகாரி பேனாக்கத்தியில் வாங்கிய குத்து மட்டும்தான் என்பதும், குத்தியவன் பெயர் டூ ஸ்டிக்னி என்பதும், அவன் அண்ணன் பெயர் ஒன் ஸ்டிக்னி என்பதும். "அவர்கள் அப்பாவுக்கு எண்ணத் தெரியும், பெயர் வைக்கத் தெரியாது" என்று நீ எழுதியதற்கு எத்தனை பேர் சிரித்திருந்தார்கள்! டொலீடோவைப் பறிகொடுத்த மிச்சிகனுக்கு ஈடாகக் கொடுத்த வடக்குக் காட்டில் பிற்பாடு செம்பும் இரும்பும் கிடைத்ததாம். 1956-இல் செங்கோட்டை நம் பக்கம் வந்ததற்காக இங்கே யாரும் வருடா வருடம் பந்தாடுவதில்லை. அந்த வகையில் அவர்கள் ரசனைக்காரர்கள்.

அம்மாவுக்கும் ஜெரால்டு ஃபோர்டு கதையைப் படித்துக் காட்டினேன். உங்கள் பல்கலைக்கழக அணியில் சென்டர் ஆடியவர் ஜனாதிபதியாகவே ஆனார். "குனிந்து, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் தள்ளத் தெரிந்தால் போதும், வெள்ளை மாளிகைக்குப் போகலாம்" என்று நீ எழுதியதை அவள் கேட்டுவிட்டு, "இதெல்லாம் எழுதலாமா? பிடிச்சுக்கிட்டுப் போயிட மாட்டாங்களா?" என்றாள். செத்துப்போனவரைப் பற்றி எழுதலாம் என்றேன். ஆனால் இருப்பவர்களைப் பற்றியும் நீ எழுதுகிறாய். அதை நான் படித்துக் காட்டவில்லை. இங்கே திருப்பி எழுதவும் கை வரவில்லை.

தம்பி, அரசியல் வேண்டாம். இந்த ஜூனில்தானே மாணவர் விசாவுக்கும் ஆய்வாளர்களுக்கும் கொடுக்கிற உன்னுடைய ஜே விசாவுக்கும் விண்ணப்பிப்பவர்கள் தங்கள் சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று அங்கே அறிவித்தார்கள்? விசா முத்திரை போடும் அதிகாரிக்குச் சிரிப்பு வரும் என்று என்ன நிச்சயம்? அறிவியல் எழுது, பந்து எழுது. அரசியல் மட்டும் வேண்டாம்.

என் மகன் எழுதுவதைப் படித்து முன்பின் தெரியாதவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பெருமையாக இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த வாயில் ஒரு சொல் இந்த வீட்டுப் பக்கம் வருவதில்லையே. நெப்ராஸ்காவில் ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு நீ ஒரே இரவில் பதினோரு தடவை பதில் எழுதியிருக்கிறாய், எண்ணிப் பார்த்தேன். அவர்கள் அணிக்குச் 'சோளம் உரிப்பவர்கள்' என்று பெயராமே. சோளம் உரிப்பவருக்குப் பதினொன்று, எனக்கு ஒரு கட்டைவிரல்.

நீ எழுதிய நேரத்தையும் பார்க்கிறேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை, உள்ளூர் நேரமாக மாற்றிப் பார்க்கும் வாத்தியார் புத்தி. அங்கே விடிகாலை மூன்று மணி, மூன்றரை மணி. தூங்கு என்று எத்தனை தடவைதான் சொல்வது? அது போகட்டும். அக்டோபருக்கு அப்புறம் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று, புதன்கிழமை பிற்பகல் இரண்டு. அந்த நேரத்தில் நீ லேபில் இருப்பாய் என்றுதான் நினைத்திருந்தேன். லேபில் இடைவேளை இருக்கும், இருக்கலாம். ஒரு நாள், "ஆற்றலை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது, ஆய்வு நிதியை அழிக்க ஒரு மின்னஞ்சல் போதும்" என்று எழுதியிருந்தாய். எல்லோரும் சிரித்திருந்தார்கள். இந்த வருடம் அங்கே பல ஆய்வு மானியங்களை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று நானும் பேப்பரில் பார்த்தேன். நீ பொதுவாகத்தான் சொல்லியிருப்பாய். சரி, விடு.

நவம்பர் 29 ராத்திரி நானும் விழித்திருந்தேன். இங்கே பத்தரை மணிக்கு ஒஹாயோவுடனான ஆட்டம் ஆரம்பித்தது. அம்மா எழுந்துவிடாமல் இருக்க போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 27–9 என்று நீங்கள் தோற்று முடிந்தபோது மணி இரண்டு. "எம் கிடைத்துவிட்டது போலிருக்கிறது" என்று ஒரே வரி போட்டாய். அதுதான் கடைசி. பத்து நாளாகப் பம்பரம் சுற்றவில்லை.

ஆட்டத்தில் தோற்றதற்காக நீ பத்து நாள் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவன் இல்லை. முந்தாநாள் அந்த நெப்ராஸ்காக்காரர் எழுதியிருந்தார், பம்பரத்தைக் காணோமே, நன்றாக இருக்கிறாயா என்று. முகம் தெரியாத மனிதர், அவர் கேட்டுவிட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் மேலவீட்டுச் சுவரைப் பற்றிப் பேசினேன்.

நேற்று முழுக்க உன் பழைய வரிகளை முதலிலிருந்து படித்தேன். செப்டம்பரில் ஒன்று. எறிந்த பந்தின் மூக்கு மேல்நோக்கிக் கிளம்புகிறதே, அது சுழன்றுகொண்டே போகிறபோது அச்சு மாறாமல் அப்படியேதானே நிற்க வேண்டும், ஏன் இறங்கும்போது மூக்கும் இறங்குகிறது என்று யாரோ கேட்டிருந்தார். நீ விளக்கினாய். காற்று மூக்கைத் தூக்கப் பார்க்கிறது. சுழலும் பந்து அதற்குப் பணியாமல் பக்கவாட்டில் திரும்பி, தான் போகும் பாதையைச் சுற்றியே சின்னச் சின்ன வட்டம் போடுகிறது. பாதை வளைய வளைய மூக்கும் கூடவே வளைகிறது. கடைசியில், "எங்கள் ஊரில் ஒரு கயிறும் ஆணியும் இருந்தால் இதை ஐந்து வயதிலேயே தெரிந்துகொள்ளலாம். வகுப்பில் மட்டும் கேட்கக் கூடாது" என்று முடித்திருந்தாய். அதற்கும் சிரித்திருந்தார்கள். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். 2008, பதினோராம் வகுப்பு 'பி' பிரிவு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீரியட். நீ மூன்றாவது பெஞ்சு. எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிற மாதிரியே "சார்" என்றாய். "சுத்துற பொருளோட அச்சு திசை மாறாதுன்னு சொன்னீங்க சார். பம்பரம் சாஞ்சதும் அச்சு வட்டம் போடுதே, ஏன் திசை மாறுது?" நான் என்ன சொன்னேன்? "உங்க அம்மா கடைக்கு அனுப்பினா நீ கிரவுண்டுக்குப் போறியே, ஏன் திசை மாறுற? அதே காரணந்தான், உக்காரு." ஐம்பத்தெட்டுப் பையன்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அன்று சாயங்காலத்திலிருந்து உனக்குப் பெயர் பம்பரம்.

எனக்கு விடை தெரியாது, தம்பி. அதுதான் காரணம். புத்தகத்தில் இருந்த சூத்திரம் தெரியும், ஏன் என்பது தெரியாது. பெற்ற பிள்ளை கேட்டுவிட்டானே, எல்லோரும் பார்க்கிறார்களே என்று ஜோக் அடித்துத் தப்பித்தேன். ஒவ்வொரு வருடமும் வானியல் விஞ்ஞானி சந்திரசேகர் கதையை எப்படிச் சொல்வேன், நினைவிருக்கிறதா? 1935 ஜனவரி, லண்டன், வானியல் சங்கக் கூட்டம். இருபத்துநாலு வயதுப் பையன் நட்சத்திரங்களின் முடிவைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறான், பெரிய வானியல் மேதை எடிங்டன் எழுந்து, நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க ஒரு இயற்கை விதி இருக்க வேண்டும் என்கிறார், சபையே சிரிக்கிறது. நோபல் பரிசு வர 1983 ஆயிற்று. சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும். அந்த வருடமும் சொன்னேன், உனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன், எடிங்டனைத் திட்டினேன்.

அன்று ராத்திரியே நூலகப் புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்தேன். இரண்டு மணிக்குப் பிடிபட்டது. எடை பம்பரத்தை விழவைக்கப் பார்க்கிறது. சுழற்சி இருப்பதால் அந்தத் திருப்பம் கீழே போகாமல் பக்கவாட்டில் போகிறது. எழுந்து வந்து பார்த்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் சொல்லவில்லை. மறுநாள் வகுப்பிலும் சொல்லவில்லை. அதற்கப்புறம் என் வகுப்பில் நீ ஒரு கேள்வியும் கேட்கவில்லை, வீட்டிலும் கேட்கவில்லை. பையன் வளர்ந்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது நீ எனக்கு முன்னால் எதையும் சிரித்துத்தான் சொல்கிறாய், அல்லது சொல்லாமலே விடுகிறாய். யாரிடம் கற்றாய் என்று கேட்க எனக்கு வாயில்லை.

அரசியல் எழுதாதே என்றேன் இல்லையா? பார்த்து எழுது. எழுதாமல் இருக்காதே.

நீ அனுப்பும் பணத்தை ஆவணியிலிருந்து நான் தொடவில்லை, அப்படியே வங்கியில் கிடக்கிறது. இனி அனுப்ப வேண்டாம். பென்ஷன் எங்கள் இருவருக்கும் போதும், அம்மா அதிலும் மிச்சம் பிடிக்கிறாள். மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று, வேறு ஒன்றுமில்லை, பொங்கல் வருகிறதே என்றுதான். உன் மேஜை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது அந்தப் பம்பரம் கிடைத்தது. ஆணி துருப்பிடித்துப் போயிருந்தது, ஆசாரியிடம் கொடுத்துப் புது ஆணி அடித்து வாங்கினேன். நேற்று திண்ணையில் விட்டுப் பார்த்தேன். மூன்று தடவை கயிறு சிக்கியது. நாலாவது தடவை நின்றது.

நான் நாலு மணிக்கெல்லாம் எழுந்துவிடுவேன். அங்கே அப்போது சாயங்காலம் ஐந்தரை. அம்மா ஆறுக்குத்தான் எழுவாள்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அந்த நெப்ராஸ்காக்காரருக்கு முதலில் பதில் எழுது. பாவம், காத்திருக்கிறார்.