கலுமெதிரியவை நட்டவருக்கே வெட்டும் உரிமையையும் கொடுங்கள்

இலங்கை வனத் திணைக்கள அதிகாரிகளுக்கு, வணக்கம்.

கலுமெதிரிய மரத்தைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. ஆனால் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களில் பலர் அதன் பலகையைக் கண்டிருக்க மாட்டார்கள். இது கருங்காலியின் சொந்தக்கார மரம்; இயற்கையாக வளர்வது இலங்கையில் மட்டும்தான். கருங்காலி வறண்ட காட்டில் நிற்கும், இதற்கோ சிங்கராஜா போன்ற ஈரவலய மழைக்காடு வேண்டும். கருங்காலியின் வைரம், அதாவது முற்றிய நடுமரம், முழுக்கக் கறுப்பு. கலுமெதிரியவின் வைரத்திலோ மண்ணிறமும் கறுப்பும் வரிவரியாக ஓடும். கனமும் இறுக்கமுமான மரம் என்பதால் இழைப்பது சிரமம், ஆனால் மெருகு ஏறிவிட்டால் அந்த வரிகளை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

அதுவே அதற்கு வினையாகவும் போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் தென்னிலங்கையின் காலி நகரத் தச்சர்கள் இதில் மேசையும் பெட்டிகளும் செய்து வெள்ளைக்காரருக்கு விற்றார்கள். இங்கிலாந்தில் மெல்லிய தகடாகச் சீவித் தேயிலைப் பெட்டிகளின் மேல் ஒட்டினார்கள். இலங்கையில் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட், மரம் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டதென்று 1859இலேயே எழுதிவிட்டார். இப்போது வரிமரம் தேடுபவர்கள் சுலாவெசித் தீவின் மக்காசார் கருங்காலிக்கும், கமரூன், காபோன் காடுகளின் செப்ராவுட்டுக்கும் போகிறார்கள். அவையும் அருகிக்கொண்டுதான் வருகின்றன.

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். ஈரவலயத்து வீட்டுத்தோட்டங்களுக்குக் கலுமெதிரியக் கன்றுகளைக் கொடுங்கள். கொடுக்கும்போதே பதிவு செய்து, 'இது நட்ட மரம், பிற்காலத்தில் வெட்டும் உரிமை இந்தக் குடும்பத்துக்கு உண்டு' என்று ஒரு பத்திரமும் கொடுங்கள். பலா வெட்டவே அனுமதிக்கு அலைய வேண்டிய நாட்டில், அரிய மரம் ஒன்றைத் தானாக நட்டுத் தலைவலியை யார் வாங்குவார்? பேரப்பிள்ளை காலத்தில்தான் வைரம் பாயும் மரம் இது. அதற்காவது ஓர் உறுதி வேண்டாமா?

காட்டு மரத்தை வெட்டி, வீட்டு மரம் என்று சொல்லிக் கடத்துவார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான பயம். பதிவு எண்ணும் இடமும் நட்ட ஆண்டும் இருந்தால், இளமரத்தின் பெயரில் முதுமரத்தை விற்பது லேசில்லை. அடிமரத்தின் சுற்றளவே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று. இந்த இனத்தில் பொதுவாக ஆண், பெண் மரங்கள் தனித்தனி. அதனால் வீட்டுக்கு ஒரு கன்று என்று சிதறவிடாமல், பக்கத்துப் பக்கத்துக் காணிகளுக்குச் சேர்த்துக் கொடுத்தால்தான் காய் பிடிக்கும். முதலில் காலி மாவட்டத்தில் ஒரே ஒரு கிராமத்தில் செய்து பாருங்கள்.

இப்படிக்கு,
மரவேலையில் பிரியமுள்ள ஒருவன்