செம்பிக்குப் புல் நிறுத்துத் தந்தவர்களுக்கு

அன்புள்ள ஊரவர்களுக்கும், தூரத்தில் இருந்து தோள் கொடுத்த உறவுகளுக்கும் வணக்கம்.

தை பிறந்து மழையும் விட்டுவிட்டது. வல்லை வெளியில் தண்ணீர் வற்றிப் புல் தலைகாட்டுகிறது. நேற்றுக் காலை எங்கள் குதிரைகள் செம்பியையும் சின்னவளையும் அங்கே கொண்டுபோய் விட்டேன். இரண்டும் தலை நிமிராமல் மேய்ந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், ஒரு மாரி முழுக்க அதுகளின் வயிற்றை நிரப்பியவர்களுக்கு ஒழுங்காக ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று மனதில் குத்தியது.

செம்பியை அப்பா நுவரெலியாவில் வாங்கி லொறியில் கொண்டுவந்தவர். சின்னவள் எங்கள் வளவிலேயே பிறந்தவள். இரண்டும் மட்டக்குதிரைகள். அப்பா இருந்தவரை அவர் பார்த்துக்கொண்டார். அவர் போனபிறகு வந்த முதல் மாரி, 2024 கார்த்திகை. வெளி முழுக்க வெள்ளம், மேய்ச்சல் இல்லை. நான் மாட்டுக்கணக்கில் யோசித்தேன். தவிடும் புண்ணாக்கும் தாராளமாகக் கரைத்து வைத்தேன், காலையும் மாலையும் ஆளுக்கு ஒரு சின்னக் கட்டு வைக்கல் போட்டேன். குறைவில்லாமல் கொடுக்கிறேன் என்றுதான் மனதார நம்பினேன்.

பசி தாங்காமல் செம்பி இரவில் படுக்கைக்குப் போட்டிருந்த பழைய வைக்கலைத் தின்றிருக்கிறாள். பூஞ்சணம் பிடித்து, காய்ந்து முறுகின வைக்கல். மழைக்குளிரில் தண்ணீரும் குறைவாகத்தான் குடித்தாள். மூன்றாம் நாள் பின்னேரம் நிலத்தில் விழுந்து புரண்டாள். எழும்பினாள், தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், மறுபடி விழுந்தாள். காலையில் இருந்து இலத்தி போடவேயில்லை.

நீர்வேலியில் இருந்து வந்த இளைப்பாறிய மிருக வைத்தியர் ஐயாவுக்கு முதல் நன்றி. இரவு பதினொரு மணி, முழங்கால் தண்ணீர், மோட்டார் சைக்கிளைச் சந்தியில் விட்டுவிட்டு நடந்தே வந்தார். வந்ததும் வயிற்றில் காது குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். மூக்கால் குழாய் விட்டுத் தண்ணீரும் பரபின் எண்ணெயும் ஊற்றினார். "குதிரைக்கு வாந்தி எடுக்க ஏலாது தம்பி. உள்ள போனது பின்னாலதான் வரவேணும்" என்றார். விடியும்வரை ஒழுங்கையில் அவளை மெல்ல மெல்ல நடத்தினோம். முறைவைத்து ரோச் பிடித்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளே, உங்களுக்குப் பரீட்சையும் தள்ளிப்போயிருந்த நேரம், நித்திரை கொள்ளாமல் நின்றீர்கள். அதிகாலை நாலரைக்கு அவள் வாலைத் தூக்கி நாலு உருண்டை போட்டாள். ரோச் வெளிச்சத்தில் எண்ணெய் பூசினமாதிரி மினுங்கின. ஐயா குந்தியிருந்து ஒன்றைக் கையால் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி கேட்டார்.

அடுத்த நன்றி கனடாவில் குதிரைப் பண்ணையில் வேலை செய்யும் சின்னம்மாவின் மகளுக்கு. அழைப்பெடுத்து அழாக்குறையாகச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, வீட்டில தராசு இருக்கோ?"

அவள் இருக்கும் இடத்தில் குளிர்காலம் மைனஸ் 20 பாகைக்குப் போகும். அங்கே பனி விழத் தொடங்குமுன்பே புல் கணக்கு முடிந்துவிடுமாம். ஒரு குதிரையின் உடல் நிறையில் நூற்றுக்கு 2 பங்கு, நாள்தோறும் காய்ந்த புல். 500 கிலோக் குதிரைக்கு 10 கிலோ, கடுங்குளிரில் 12 கிலோ வரை. நார் குடலில் புளித்துச் செரிக்கும்போது பிறக்கும் சூடுதான் குதிரைக்குக் கணப்பு என்றாள். எங்களுக்கு அந்தக் குளிர் இல்லை, குளிருக்கென்று கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை; ஆனால் எந்தக் காரணம் கொண்டும் ஒன்றரைப் பங்குக்குக் கீழே இறங்காதே என்றாள். தையல் அளவுநாடாவால் அளக்கச் சொன்னாள். நெஞ்சுச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுக்கவேண்டும். செம்பிக்குச் சுற்று 135, நீளம் 130. வகுத்தால் 200 கிலோ. சின்னவள் 160. அப்படியென்றால் இரண்டுக்குமாக நாளுக்கு 7 கிலோவுக்கு மேலே காய்ந்த தீன் வேண்டும்.

நான் போட்டுவந்த கட்டை நிறுத்துப் பார்த்தேன். 600 கிராம். இரண்டு வேளைக்கும் ஆளுக்கு 1 கிலோ 200 கிராம். அன்று அந்தக் கொட்டிலில் நான் நின்ற நிலையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நிறுத்த தராசு வளலாய் அண்ணையின் மீன் தராசு. அவரே பழைய வலையும் தந்தார். அவர் மனைவி வலைக்கண்ணைச் சின்னதாக்கிப் பின்னித் தந்த அந்த வலைக்குள் புல்லைத் திணித்து, கால் மாட்டாத உயரத்தில் கட்டினோம். இழுத்து இழுத்துத் தின்பதால் ஒரு கட்டு மூன்று மணித்தியாலம் நிற்கிறது. குதிரையின் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரக்குமாம், வெறும் வயிறாக விடக்கூடாது. அக்கா, உங்கள் கைவேலை இரண்டு மாதமாக ஒரு முடிச்சும் அவிழவில்லை.

வைக்கலுக்குப் பரந்தன் அண்ணை. எங்கள் பக்கம் மழையை நம்பிய ஒரே போகம், மாசி வைக்கல் கார்த்திகையில் உக்கிவிடும். அங்கே இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் கோடையிலும் சிறுபோகம் விளையும். ஆவணியில் அறுத்த அந்த வைக்கலைப் படங்கால் மூடி, ஒரு துளி நனையாமல் லொறியில் அனுப்பினார். லொறிக்காசுகூட வாங்கவில்லை. ஆனால் வைக்கலில் சத்துக் குறைவு, அதை மட்டும் போட்டால் திரும்பவும் குடல் அடைக்கும் என்று ஐயா எச்சரித்தார். பாதிக்குப் பச்சை வேண்டும். பச்சையில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர், காய்ந்த புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருக்கும்; அதனால் 4 கிலோ காய்ந்த புல்லுக்கு 17 கிலோ பச்சை அறுக்கவேண்டும். சுன்னாகத்தில் பால்மாடு வளர்க்கும் அக்கா தன் மாடுகளுக்கு வளர்த்த சீ.ஓ.3 என்ற தீவனப் புல்லில் நாள்தோறும் 17 கிலோ ஓட்டோவில் ஏற்றிவிட்டார். இரண்டு குதிரைக்கும் அது பாதித் தீன், மீதிக்கு நனைத்த வைக்கல் மூன்றரைக் கிலோ. ஒரேயடியாக மாற்றாமல் பத்து நாளில் மெல்ல மெல்ல இந்த அளவுக்கு வந்தோம். தண்ணீரில் ஒரு பிடி உப்பு, அவ்வளவுதான். தவிடு கைப்பிடியளவாகச் சுருங்கியது.

சீமைக்கிளுவையும் இப்பிலிப்பிலும் வெட்டிக்கொண்டு வந்தவர்கள் கோபிக்கவேண்டாம். நல்ல மனதோடுதான் கொண்டுவந்தீர்கள், ஆடு மாடு தின்னும். சீமைக்கிளுவை குதிரைக்கு நஞ்சு, இப்பிலிப்பில் தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். அதனால்தான் திருப்பி அனுப்பினேன்.

"நெடுந்தீவுக் குதிரைக்கு ஆர் புல் நிறுத்துப் போடுறது?" என்று கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே கட்டாக்காலியாகத் திரியும் அந்தக் குதிரைகள் நாள் முழுக்க நடந்து மேயும். குதிரை ஒரு நாளில் பதினாறு மணித்தியாலம்கூட மேயக்கூடியது. எங்களுடையவை கட்டிக்கிடப்பவை. அத்தோடு, கோடை கடுமையான வருடங்களில் புல்லும் தண்ணீரும் இல்லாமல் நெடுந்தீவிலும் குதிரைகள் செத்துத்தான் இருக்கின்றன. அங்கே தண்ணீர்த் தொட்டி நிரப்புகிறவர்களுக்கும் இந்த மடலில் ஒரு கும்பிடு.

பள்ளிக்கூடம் விட்டுவந்து மடி நிறைய அறுகம்புல் கொட்டிய மூன்றாம் வகுப்புத் தங்கச்சி, நீ கொண்டுவந்ததையும் நிறுத்தோம். 400 கிராம். கொப்பியில் உன் பேரோடு எழுதியிருக்கிறேன்.

வளலாய் அண்ணை, தராசு படலையடியில் தொங்குகிறது, வருகிற பாதையில் எடுத்துக்கொள்ளுங்கோ. மற்றவர்களுக்கு, இரண்டு மாத இலத்தி வளவில் குவிந்து உக்கிப்போய்க் கிடக்கிறது. வெங்காயத்துக்கும் கத்தரிக்கும் போடலாம். சாக்கோடு வாங்கோ, நானே அள்ளிக் கட்டித் தருகிறேன்.