எங்கள் மொட்டைமாடிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

தூத்துக்குடி மாவட்டத்தில் கடலோரம் இருக்கிறது எங்கள் பாலிடெக்னிக். அதன் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பி.வி.சி. குழாயும் செப்புக் குழாயும் சேர்த்துக் கட்டிய ஓர் ஆன்டெனா நிற்கிறது. 2019 ஆகஸ்டில் அது முதல்முறையாக ஒரு சிறு செயற்கைக்கோளின் குரலைக் கேட்டது. போன மாதம் எங்கள் பதிவேட்டில் பத்தாயிரமாவது பதிவு ஏறியது. அன்று சாயங்காலம் ஒரு மாணவி, "மிஸ், இதைக் கட்ட நமக்கு யாரெல்லாம் உதவுனாங்க?" என்று கேட்டாள். உட்கார்ந்து கணக்கெடுத்தோம். மதுரையும் திருச்செந்தூரும் போக, நாலு நாடுகள் வந்தன. அந்த நாலு நாட்டுக்காரர்களில் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை.

இத்தனை நாளும் மின்னஞ்சலில் தனித்தனியாக ஒரு வரி நன்றி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். ஊரறியச் சொல்ல வேண்டிய நன்றி இது. பெயர் வெளியே வருவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். படித்தால் அவரவருக்குப் புரியும்.

இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர், எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, அப்படி ஒரு கனசதுரப் பெட்டிதான் கியூப்சாட். ஜோர்டி புய்க்-சுவாரி, பாப் ட்விக்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள், மாணவர்கள் செயற்கைக்கோள் கட்டிப் பழகுவதற்காக 1999-ல் கலிஃபோர்னியாவில் வகுத்த அளவு அது. நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றிவரும். கட்டியவர்களின் ஊருக்கு மேலே ஒரு நாளில் நாலைந்து தடவைதான் வரும். வந்தாலும் பத்து நிமிடம்கூடத் தங்காது. மற்ற நேரமெல்லாம் அது யார் யார் ஊருக்கோ மேலே பேசிக்கொண்டே போகிறது. அந்தப் பேச்சை அந்தந்த ஊர்க்காரர் கேட்டு எழுதி அனுப்பினால்தான் கட்டியவர்களுக்குத் தெரியும். எவ்வளவு பணமும் படிப்பும் இருந்தாலும் இந்த வேலையில் தனியாக நிற்க முடியாது என்பதை இந்த மாடியில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

இது புதுப் பழக்கம் இல்லை. 1961 டிசம்பர் 12 அன்று கலிஃபோர்னியா ஹாம் வானொலிக்காரர்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவர்கள், கட்டிய ஆஸ்கார் 1 என்ற செயற்கைக்கோள் மேலே போனது. எடை நாலரைக் கிலோ. மோர்ஸ் தந்திக் குறியில் 'ஹெச் ஐ' என்ற இரண்டே எழுத்துகளைத் திரும்பத் திரும்பச் சொல்லும். உள்ளே சூடு ஏற இறங்க அந்தத் தட்டலின் வேகமும் மாறும். ஆக, கையில் ஒரு கடிகாரம் வைத்துக்கொண்டு தட்டல்களை எண்ணிய எவரும் விண்வெளியில் இருக்கும் பெட்டியின் வெப்பநிலையைச் சொல்லிவிடலாம். 28 நாடுகளைச் சேர்ந்த 570-க்கும் மேற்பட்ட ஹாம்கள் அப்படிக் கேட்டு எழுதி அனுப்பினார்கள். இதை எங்கள் ஆய்வகச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

முதல் நன்றி மதுரை ஐயாவுக்கு. ஹாம் உரிமத் தேர்வுக்கு எங்களைத் தயார்செய்தது நீங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்து, மதியச் சாப்பாட்டுக்கு மேல் எதையும் வாங்கிக்கொள்ளாமல் போனீர்கள். ஹாம்சாட் கதையைச் சொன்னதும் நீங்கள்தான். 2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி.-சி6 ஏற்றிக்கொண்டுபோன 42.5 கிலோ செயற்கைக்கோள் அது. உள்ளே இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள், அதாவது கீழிருந்து வரும் பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள். ஒன்று நம் நாட்டு ஹாம்கள் செய்தது, இன்னொன்று நெதர்லாந்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் செய்தது. ஒரு நாட்டின் விண்வெளி நிறுவனம் முன்பின் தெரியாத ஒரு வெளிநாட்டு இளைஞரின் கைவேலையைத் தன் செயற்கைக்கோளுக்குள் வைத்து அனுப்பியதே என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். 2014 ஜூலை வரை, ஒன்பது ஆண்டுகள் அது உழைத்தது. அது அடங்கின அன்று ராத்திரி உங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னீர்கள். அதைச் சொன்னபோது உங்கள் குரல் இருந்த விதம் என் மாணவர்களுக்கு எந்தப் பாடத்தையும்விட ஆழமாகப் பதிந்தது.

திருச்செந்தூர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் அண்ணாச்சி, உங்களுக்கு அடுத்தது. செப்புக் குழாயை நாங்கள் வளைத்தபோதெல்லாம் நசுங்கியது. நீங்கள் ஸ்பிரிங் போட்டு, நாலு குழாயையும் ஒரே முறுக்கில், ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வளைத்துக் கொடுத்தீர்கள். பற்றவைத்ததும் நீங்களே. காசு கொடுத்தபோது, "சாட்டிலைட்டுக்கா? வச்சுக்கோங்க டீச்சர்" என்றீர்கள். உங்கள் முறுக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

அப்புறம் ஏதென்ஸ் தம்பி. 2014-ல் உங்கள் ஊரின் ஹேக்கர்ஸ்பேஸில், ஆர்வலர்கள் கூடிக் கருவிகள் செய்யும் பொதுக்கூடத்தில், தொடங்கிய சாட்னாக்ஸ் திட்டம்தான் எங்களுக்குக் கதவைத் திறந்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் ராஸ்பெர்ரி பை என்ற ஒரு சின்னக் கணினி, கைக்கு அடக்கமான ஒரு ரிசீவர், ஓர் ஆன்டெனா வைத்து நிலையம் அமைக்கலாம். அமைத்ததை மற்றவர்களும் பயன்படுத்தலாம். வடிவமைப்பு, மென்பொருள், பிடித்த தரவு எல்லாமே பொது. நாங்கள் முதல் மூன்று மாதத்தில் நாலு மெமரி கார்டுகளைப் பாழாக்கினோம். கரண்ட் போய்ப் போய் வந்ததுதான் காரணம் என்பது எங்களுக்குப் பிடிபடவில்லை. உங்கள் நேரம் நள்ளிரவு தாண்டி, ஒவ்வொரு வரியாகப் பதிவுகளை அனுப்பச் சொல்லிப் படித்து, கார்டில் எழுதுவதைக் குறைக்கும் வழியைச் சொல்லிக் கொடுத்தீர்கள். 'கரண்ட் கட்' என்றால் என்ன என்பதை உங்களுக்கு விளக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது. நீங்கள் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

கித்தாக்யூஷு தாத்தாவுக்கு என்ன சொல்வது! மாணவர்கள் உங்களை 'ஜப்பான் தாத்தா' என்றுதான் சொல்கிறார்கள். ஆன்டெனா நின்ற பிறகும் எங்களுக்கு இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஏழு வாரம். கல்லூரியில் சிலர் இதைக் கழற்றிவிடலாம் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அலைவரிசையை நேரத்தோடு சேர்த்து வரைந்து காட்டும் வாட்டர்ஃபால் படத்தை அனுப்பச் சொன்னீர்கள். சம இடைவெளியில் நேர்க்கோடுகள் விழுந்திருந்தன. "விண்ணிலிருந்து வருவது இப்படி நேராக இருக்காது, வளைந்துதான் வரும். இது உங்கள் அறைக்குள்ளேயே இருக்கிறது" என்று எழுதினீர்கள்.

அந்த ஒரு வரியில் ஒரு பருவத்துப் பாடம் இருந்தது. செயற்கைக்கோள் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை கூடும், விலகிப் போகும்போது குறையும். 437 மெகாஹெர்ட்ஸில் அந்த மாற்றம் மேலும் கீழுமாகப் பத்து கிலோஹெர்ட்ஸ் வரை போகும். படத்தில் அது அழகான ஒரு வளைவாக விழும். டாப்ளர் விளைவை நான் பத்து வருடம் கரும்பலகையில் நடத்தியிருக்கிறேன். அந்த வளைவைத் தேட வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. நேர்க்கோட்டுக்குக் காரணம் ராஸ்பெர்ரி பைக்கு நாங்கள் வாங்கிப் போட்ட மலிவு அடாப்டர். அதை மாற்றினோம். நீங்கள் தபாலில் அனுப்பிய, இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையங்களைக் கம்பிகளில் மாட்டினோம். மறுநாள் காலையில் முதல் வளைவு தெரிந்தது.

அந்த முதல் வளைவு ஃபன்கியூப்-1. அதைக் கட்டியவர்கள் பிரிட்டன், நெதர்லாந்து ஹாம்கள், பள்ளிப் பிள்ளைகள் கேட்பதற்காகவே கட்டினார்கள். 2013 நவம்பர் 21 அன்று ரஷ்யாவின் யாஸ்னியிலிருந்து போனது. அதன் முதல் தரவைப் பிடித்தவர் பிரிட்டனில் இல்லை, தென்னாப்பிரிக்காவில் இருந்த ஒரு ஹாம். இங்கேதான் பிரிட்டனைச் சேர்ந்த அம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். முதல் மழைக்காலத்துக்குப் பிறகு சிக்னல் மெல்ல மெல்ல மங்கியது. உப்புக்காற்றில் கனெக்டர் உள்ளே களிம்பு பிடித்திருந்தது. நீங்களும் கடலோரத்துக்காரர் என்பதால் கேட்டவுடனே சொல்லிவிட்டீர்கள். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை எப்படி இழுத்துச் சுற்றுவது என்று காணொளி எடுத்து அனுப்பினீர்கள். இருபது மீட்டர் மெல்லிய கேபிள் போட்டால் சிக்னலில் நாலில் மூன்று பங்கு வழியிலேயே போய்விடும் என்று கணக்குப் போட்டுக் காட்டி, பெருக்கியை மாடியில் ஆன்டெனாவை ஒட்டியே வைக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

கிள்ளான் அண்ணனுக்கு வருகிறேன். எங்கள் பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்கள். ஆங்கிலக் கையேட்டைப் பார்த்ததும் பின்வாங்கினார்கள். மலேசியாவில் இருந்துகொண்டு, ஒவ்வொரு வார இறுதியிலும் எங்களோடு பேசி, எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கொடுத்தீர்கள். 2018 ஆகஸ்ட் 10-ல் உங்கள் நாட்டின் யூ.ஐ.டி.எம்.சாட்-1 விண்வெளி நிலையத்தின் ஜப்பானியப் பகுதியான கிபோவிலிருந்து வெளியே வந்ததைச் சொல்லும்போதெல்லாம் உங்களுக்கு உற்சாகம் பிறந்துவிடும். அதோடு கூட வந்தவை பூட்டானின் பூட்டான்-1, பிலிப்பைன்ஸின் மாயா-1.

இந்த மூன்றும் பிறந்த பேர்ட்ஸ் என்னும் திட்டத்துக்கும், அதை நடத்திய கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்துக்கும், பேராசிரியர் மெங்கு சோவுக்கும் நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் எங்களுக்கு நேரடியாக எதுவும் செய்ததில்லை. ஆனால் கானாவும் மங்கோலியாவும் வங்கதேசமும் தங்கள் முதல் செயற்கைக்கோளைக் கட்டியது அவர்களின் ஆய்வகத்தில்தான். 2019 ஜூன் 17 அன்று நேபாளத்தின் நேபாளிசாட்-1, இலங்கையின் ராவணா-1 இரண்டும் ஜப்பானின் உகுயிசுவோடு சேர்ந்து வெளியே வந்தன. ஒவ்வொரு நாட்டு மாணவரும் அங்கே போய் இரண்டு ஆண்டுகள் படித்து, தங்கள் கையாலேயே கட்டி, சோதித்து, ஊர் திரும்பித் தங்கள் தரைநிலையத்தையும் நிறுவ வேண்டும். ஒருவர் செயற்கைக்கோளை மற்றவர் நிலையமும் கேட்கும். முடித்த பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்புவது சுலபம். அவர்கள் கட்டத் தெரிந்தவர்களை அல்லவா அனுப்பினார்கள்! கடலுக்கு அந்தப் பக்கம், எங்கள் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு நாட்டின் முதல் செயற்கைக்கோள் எங்கள் மாடிக்கு மேலே போன அந்த வாரம்தான், நாமும் கேட்க வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு வந்தது. ஆன்டெனா வேலையை அந்த ஜூனில் ஆரம்பித்தோம்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகம் கட்டிய டெல்ஃபி-சி3 செயற்கைக்கோள் பற்றியும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. 2008 ஏப்ரல் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி9-ல் போனது. அதில் பேட்டரியே கிடையாது. வெயில் படும்போது மட்டும் பேசும், நிழலுக்குள் போனால் அடங்கிவிடும். உலகெங்கும் இருந்த ஹாம்கள் அதன் பேச்சைப் பிடித்து டெல்ஃப்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 2023 நவம்பரில் அது எரிந்து இறங்கும் வரை எங்கள் மாணவர்களும் அனுப்பினார்கள். நம் மண்ணிலிருந்து போன ஒரு டச்சுப் பிள்ளையை நம் மாடியிலிருந்து கேட்டது எங்களுக்குப் பெரிய நிறைவு.

கடைசியாக, 2022-ல் நடந்த ஒன்று. ஒரு வெளிநாட்டு மாணவர் குழுவின் செயற்கைக்கோள் விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டு மூன்று நாளாகியும் சத்தமே இல்லை. கூடவே வெளியே வந்த பெட்டிகள் கொத்தாக ஒன்றையொன்று ஒட்டிப் போய்க்கொண்டிருந்தன. எது யாருடையது என்றே ரேடாருக்குப் பிரிபடவில்லை. எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, அன்றைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், மிகவும் மங்கலாக ஒரு வளைவைக் கண்டாள். எதிர்பார்த்த நேரத்துக்குப் பத்து விநாடி தள்ளி விழுந்திருந்தது. ஏதென்ஸ் தம்பி அந்த வளைவை எடுத்துக் கணக்குப் போட்டார். தாத்தா தன் ஊர்ப் பதிவோடு ஒப்பிட்டார். அதிகாலை மூன்று மணிக்கு அந்தக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது: "எங்கள் பெட்டி உயிரோடு இருக்கிறது. நன்றி." அந்த மாணவியின் அப்பா கடலுக்குப் போகிறவர். அவளோடு வந்து அந்தப் பதிவைக் காதில் வைத்துக் கேட்டார். "வயர்லெஸ் செட்டு இரையும்போது நடுவுல ஆள் குரல் வந்தா எனக்குத் தெரியும்மா. இது ஆள்தான்" என்றார்.

எங்களுக்கு நீங்கள் செய்ததை நாங்கள் வேறு யாருக்கோ செய்ய முடிந்த முதல் இரவு அது. அவள் இப்போது பெங்களூரில் ஒரு செயற்கைக்கோள் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். இந்த மடலைப் பற்றிச் சொன்னதும், "என் பேரையும் போடாதீங்க மிஸ், ஆனா நன்றியில என்னையும் சேர்த்துக்கோங்க" என்றாள். சேர்த்துவிட்டேன்.

2024 பிப்ரவரி 28 அன்று பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். சிறு செயற்கைக்கோள்களை ஏற்றும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கான தளம். அங்கிருந்து முதல் ராக்கெட் ஏறும் நாளில் எங்கள் மாடியிலிருந்தே பார்க்கலாம். நீங்கள் எல்லோரும் வர வேண்டும். பாய் விரித்து இடம் பிடித்து வைக்கிறோம், தங்குவதற்கு எங்கள் வீடுகள் இருக்கின்றன.

அதுவரைக்கும், உடன்குடிக் கருப்பட்டி நாலு பார்சல் நேற்று தபாலில் சேர்த்திருக்கிறோம். மதுரை ஐயாவுக்கும் அண்ணாச்சிக்கும் நேரில் கொண்டுவருகிறேன். தாத்தா, உங்கள் பெட்டியில் சுக்கும் வைத்திருக்கிறோம். காபியில் இரண்டையும் தட்டிப்போட்டுக் குடியுங்கள், குளிருக்கு நல்லது.

அன்புடனும் நன்றியுடனும்,
மொட்டைமாடித் தரைநிலையத்தின் ஆசிரியையும் மாணவர்களும்