குழாய் மாற்றியாச்சு

சுங்கை சிப்புட்

தம்பி குமாருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். உன் போன் கெட்டுப் போயிருக்கும் என்கிறாள் அம்மா. அதனால்தான் கடிதம்.

வீட்டில் கரையான். உன் அறைக் கதவு நிலையில். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது, தட்டினால் டப்பா சத்தம். அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. 40 வருசம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவன் நான். உயிரோடு நிற்கிற மரத்தையே வேரில் பிடித்துத் தின்கிற கரையானைப் பார்த்தவன். எவன் வந்து எனக்குச் சொல்லித் தருவது என்று மண்ணெண்ணெய் ஊற்றினேன். சுவரில் ஏறிய மண் கோட்டைச் சுரண்டிப் போட்டேன். ஒரே வாரம், அந்தப் பக்கச் சுவரில் புதுக் கோடு.

மருந்துக்காரப் பையன் வந்தான். உன் வயசுதான். பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாத பிள்ளை. வேலைக்காரக் கரையானுக்குக் கண்ணே கிடையாதாம். வெளிக்காற்றில் உடம்பு காய்ந்து செத்துவிடுமாம். அதனால்தான் மண்ணை எச்சிலில் குழைத்து, அந்தக் கூட்டுக்குள்ளேயே நடமாடுகிறது. ஈரம் இருந்தால்தான் பிழைப்பு. காவல் கரையான் ஒன்றைச் சீண்டிக் காட்டினான். நெற்றியிலிருந்து வெள்ளையாய் ஒரு சொட்டு. அசல் பால் மாதிரி, தம்பி. இத்தனை வருசம் தோட்டத்தில் இருந்தும் நான் கவனித்ததில்லை.

மருந்து அடிக்கவில்லை, மருந்து கலந்த தீனி வைத்திருக்கிறான். தின்றது போய் மற்றதுக்கு வாயோடு வாய் ஊட்டும், பிறகு தோல் உரிக்க முடியாமல் எல்லாம் சாகும். மாதக் கணக்காகும், பொறுங்க ஐயா என்றான்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. ஜோகூரில் மழையாமே, மோட்டாரில் பாலம் ஏறாதே. சாப்பிடு.

கடைசியில் கேட்டான், பக்கத்தில் ஒழுகல் இருக்கா ஐயா என்று. அம்மா என்னைப் பார்த்தாள்.

நீ 2 வருசமாய்ச் சொன்ன குழாய்தான். தீபாவளி ராத்திரி மறுபடி சொன்னாய். என் காசில் படித்துவிட்டு எனக்கே பாடமா என்று மாமா குடும்பத்துக்கு முன்னால் கத்தினேன். என் காசும் இல்லை அது. நான் வேலையில்லாமல் குடித்துக் கிடந்த வருசம் அம்மா பால் வெட்டிக் கட்டிய பணம். இன்னொன்றும் சொல்கிறேன். தீபாவளிக்கு முன்னாடியே அந்த நிலை டப்பா சத்தம் போட்டது. உனக்குத் தெரியக்கூடாதென்று நான்தான் பெயிண்ட் அடித்தேன்.

குழாய் மாற்றியாச்சு. 120 வெள்ளி. உன்னிடம் கேட்கவில்லை.

கதவைச் சாத்தினால் நிலை சரிந்துவிடுமாம், திறந்தேதான் கிடக்கிறது. புது நிலைக்கு அளவு எடுக்க வேண்டும். உன் டேப் எங்கே வைத்தாய் என்று அம்மா தேடுகிறாள்.

அப்பா